உவர்

பகலில் எனக்கு உப்பு ஆகாது.
வாய்மேடு, தலைஞாயிறு பக்கமிருந்து
துணிப்பையில் வரும் அரைக்கிலோ மண்ணைக் கரைத்து
கம்பியை முக்கினால் எண் எழும்.
நாலைத் தாண்டினால்
சிவப்பு மையில் எழுதுவேன்:
உவர். ஜிப்சம் இடவும்.

ராத்திரி
திருத்துறைப்பூண்டி ரயிலடிப் பின்தெரு வீட்டில்
மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கிய உப்பை
வாளி வாளியாகக் கலக்குகிறேன்.
முப்பத்தைந்து வரவேண்டும்.
முப்பத்தொன்றுக்கு இறங்கினால்
ஜீனியா கைகளை மடக்கிக்கொள்ளும்.

சிரிக்கலாம், இன்னொன்றும் இருக்கிறது.
எங்கள் போர்த் தண்ணீரே உப்புத்தான்.
அதை ஆர்.ஓ.வில் வடித்து
அந்த உப்பை வெளியே தள்ளிவிட்டு
வேறு உப்பைப் போடுகிறேன்.

கடல் கூப்பிடு தூரந்தானே
ஒரு டேங்கர் பிடித்தால் தீர்ந்தது என்பார் வீட்டுக்காரர்.
தீராது.
அந்தக் கரைக்கடலில்
நான் எழுதிக் கொடுத்த டிஏபி கிடக்கிறது.
மேட்டூர் திறந்து, கல்லணை பிரிந்து,
முள்ளியாற்றோடு இறங்கிப் போய்
அங்கே கரைந்தது
என் கையெழுத்து.

ஒரே மருந்துதான் இரண்டு இடத்திலும்.
மணிச்சத்து இருந்தால் குழாயில் நீலம் ஏறும்.
ஆய்வகத்தில் அது கெட்டி நீலமானால்
யாருக்கோ இரண்டு மூட்டை மிச்சம்.
வீட்டில்
வெளுத்த வேட்டிக்குச் சொட்டுநீலம் போட்டதுபோல்
லேசாக ஒரு சாயல் தெரிந்தாலே
வயிறு கலங்கும்.
பாசி வரும். முதலில் கண்ணாடியில்,
அப்புறம் பட்டன் பவளத்தின் கழுத்தில்.

ஆறடித் தொட்டி. அறுநூற்றெண்பது லிட்டர்.
பச்சை விளிம்பும் ஆரஞ்சு நடுவுமாய் பட்டன்கள்,
விளக்கு நீலத்துக்கு மாறியதும்
ரத்தச் சிவப்பில் உப்பும் காளான் பவளம்,
கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்கு நீட்டிய
நூறு கைகளாய்
விரிந்து மூடி விரியும் ஜீனியா.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள்
ஆபீஸ் பூட்டியிருக்கிறதென்று
உத்திராபதி வீட்டுக்கே வந்தார், அட்டை வாங்க.
ஆறு புள்ளி இரண்டு.
சொல்ல வாயெடுக்குமுன்
தொட்டியருகில் போய், கேட்காமல்
ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"அசல் கடலுங்க இது.
எங்க வயலு இதுல கால்வாசிகூடக் கரிக்காது.
அதுலயே நாத்து கருகுது.
இங்க பூ பூக்குது."

கோபமா வியப்பா, பிடிபடவில்லை.
பூ இல்லைங்க, உயிர் என்று சொல்ல நினைத்து
விட்டுவிட்டேன்.

கரண்ட் போனது.
தொட்டிக்குள் அலை நின்ற சத்தம்
எனக்குக் கேட்டது.
இன்வெர்ட்டர் முந்தாநாளே படுத்துவிட்டது.
ஜெனரேட்டரில் பெட்ரோல் இல்லை.
"மொண்டு மொண்டு ஊத்தணுங்க,
காத்து உள்ள போகணும், இல்லேன்னா..."
சொம்பை வாங்கிக்கொண்டார்.
"போயிட்டு வாங்க."

பங்க்கில் வரிசை. முழங்கால் தண்ணீர்.
கேனோடு திரும்ப ஒன்றேகால் மணி நேரம்.
செல்போன் வெளிச்சத்தில்
அவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார்,
தலை உயரத்துக்குத் தூக்கி,
ஒரு சொட்டும் தரையில் சிந்தாமல்.
எண்ணியிருக்கிறார்: எண்ணூற்றுச் சொச்சம்.

மோட்டார் உறுமியது. அலை வந்தது.
முதலில் ஒரே ஒரு கை விரிந்தது.
"இதுவா?" என்றார்.
இதுதான் என்றேன்.

அட்டையைக் கொடுத்தேன்.
சிவப்பு எழுத்தைப் படித்தார், மடித்தார்,
சட்டைப்பையில் வைத்தார்.
அவர் முழங்கை காய்ந்து
உப்புப் பூத்திருந்தது.

அடுத்த வாரம் வாய்மேட்டிலிருந்து
மண் வரவில்லை.
சோடா பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர்,
நூலில் கட்டிய சீட்டு:
நம்ம போர்த் தண்ணி.
உங்க தொட்டிக்கு ஆகுமான்னு பாருங்க.

பார்த்தேன்.
ஆகாது.
உப்புப் போதாது.